மருந்து எழுதியாயிற்று, அப்புறம்?

ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் இருப்பவர்கள் முதலில் தேடுவது நல்ல டாக்டரைத்தான். தப்பே இல்லை. ஆனால் அந்த வார்டில் ஒரு வாரம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் வரும். டாக்டர் வருகிறார், பார்க்கிறார், எழுதுகிறார், போகிறார். மிச்சம் இருக்கிற 23 மணிச் சொச்ச நேரமும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது? அந்த 23 மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். 'நர்ஸ்கள் எல்லாம் தேவதைகள்' வகைப் பாராட்டுப் பத்திரமாக இது இருக்காது. அந்தப் பாராட்டு எனக்குக் கொஞ்சம் எரிச்சலைக்கூடத் தரும். தேவதை என்று சொல்லிவிட்டால் இந்த வேலைக்குப் படிப்பு வேண்டும், கணக்கு வேண்டும், போதுமான ஆள் வேண்டும் என்பதையெல்லாம் சௌகரியமாக மறந்துவிடலாம் பாருங்கள்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய். சுருக்கமாக ஏ.எல்.எல். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து இந்த நோயைச் சில மாதங்களுக்காவது பின்வாங்க வைக்க முடியும் என்று காட்டினார். அதற்கு முன்னால் செய்ய ஒன்றுமே இல்லை. இன்று வசதியான நாடுகளில் ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த நோய்க்கு இப்போதும் முதுகெலும்பாக இருக்கிற வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், மெர்கேப்டோப்யூரின், அஸ்பராஜினேஸ் எல்லாமே 1970களுக்குள் வந்துவிட்ட மருந்துகள். புதிதாக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றணுவைத் தாக்கும் இம்யூனோதெரபி சேர்ந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் எண்ணிக்கை ஏறியதில் பெரும்பங்கு, பழைய மருந்துகளை எந்தக் குழந்தைக்கு எவ்வளவு, எந்த வரிசையில் கொடுப்பது என்று கற்றுக்கொண்டதிலும், அந்த மருந்துகள் செய்யும் சேதத்திலிருந்து குழந்தையைக் கடத்திக் கொண்டுவரக் கற்றுக்கொண்டதிலும் இருக்கிறது.

கடத்திக் கொண்டுவருவது என்றால் என்ன என்று புரிய ஒரு பழைய உதாரணம். 1950களில் லுகேமியா குழந்தைகள் பலரும் ரத்தம் கசிந்தே இறந்துபோனார்கள். மூக்கிலிருந்து, ஈறிலிருந்து, மூளைக்குள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எமில் ஃப்ரெய்ரிக் என்ற மருத்துவர் குழுவோடு சேர்ந்து, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை ஏற்றினால் அந்தக் கசிவு நிற்கும் என்று நிறுவினார். பிளேட்லெட் லுகேமியாவை ஒன்றும் செய்யாது. ஆனால் மருந்து வேலை செய்து முடிக்கும்வரை குழந்தை உயிரோடு இருக்க வேண்டுமே! இன்றைக்கும் கதை அதேதான். உலகம் முழுவதும் வருடத்துக்கு ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள், பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே. காரணங்கள் பல: நோயைக் கண்டுபிடிக்கவே இல்லை, தாமதமாகக் கண்டுபிடித்தார்கள், மருந்து கிடைக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டார்கள். இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: நோயால் இல்லாமல் சிகிச்சையின் பக்கவிளைவால் நேர்ந்த சாவு. அந்தக் கடைசிக் காரணம் பெரும்பாலும் நர்ஸின் கைக்குள் இருக்கிற விஷயம்.

முதலில் காய்ச்சல். இதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டால் மீதி பாதி புரிந்த மாதிரி.

கீமோ, அதாவது புற்றணுவைக் கொல்லும் மருந்து, கொடுத்தபின் 7 முதல் 14 நாளுக்குள் ரத்த அணுக்கள் கீழே இறங்கும். வார்டில் எல்லோரும் 'கவுண்ட்' என்பார்கள், "இன்னிக்கு கவுண்ட் எவ்வளவு சிஸ்டர்?" என்பதுதான் அங்கே காலை வணக்கம். கிருமிகளை முதலில் போய்ப் பிடிக்கிற நியூட்ரோபில் வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால் உடம்பு காவல் இல்லாத வீடு. சீழ் என்பதே செத்த வெள்ளையணுக்கள்தான், அணுவே இல்லாதபோது சீழும் வராது, சிவக்காது, பெரிதாக வீங்காது. தொண்டையைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், மார்பு எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் தடயம். சில சமயம் அதுவும் கிடைக்காது, குறிப்பாக ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு. அது சும்மா சோர்ந்து கிடக்கும், அம்மா "என்னமோ சரியில்லை" என்பார், அவ்வளவுதான்.

அதனால்தான் வெப்பநிலை ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலோ, 38இல் ஒரு மணி நேரம் நின்றாலோ அதை அவசர நிலையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் இறங்க வேண்டும் என்பதுதான் பரவலாக வைத்திருக்கிற இலக்கு. இந்த ஒரு மணி நேரத்தைச் சாப்பிடுவது மருத்துவ அறிவின் பற்றாக்குறை என்று நினைக்காதீர்கள். பதிவுச் சீட்டுக்கான வரிசை, காலி இல்லாத கட்டில், ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்ற காத்திருப்பு, பெரிய டாக்டரை போனில் பிடிக்க ஆகிற நேரம், இவைதான் சாப்பிடுகின்றன. நன்றாக நடக்கிற இடங்களில் இதற்கு வைத்திருக்கிற வழி எளிமையானது. நர்ஸ் யாரையும் கேட்காமலே, குழந்தைக்குப் பொருத்தியிருக்கும் லைன் குழாயிலிருந்து கல்ச்சர் என்கிற கிருமிச் சோதனைக்கு ரத்தம் எடுத்து, முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் உத்தரவின்படி முதல் டோஸைப் போட்டுவிடலாம். கவுண்ட் ரிப்போர்ட் வந்தபின் பேசிக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து போன் வரும்போதும் நர்ஸ்தான் எடுப்பார். "பாராசிட்டமால் கொடுத்துட்டு ராத்திரி பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். கூடாது. பாராசிட்டமால் அந்த ஒரே தடயத்தையும் அழித்துவிடும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது, சப்போசிட்டரியும் கூடாது, அங்கே ஏற்படும் சின்னக் கீறல் போதும் குடல் கிருமி ரத்தத்துக்குள் போக. இன்னொன்று, குழந்தைகளின் ரத்த அழுத்தம் கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டு அப்புறம் ஒரேயடியாகச் சரியும். அதனால் அனுபவமுள்ள நர்ஸ் பி.பி. எண்ணை மட்டும் நம்பி உட்கார மாட்டார். நாடி வேகமாகிவிட்டதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, விரல் நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று பார்ப்பார். லைனை ஃப்ளஷ் செய்த, அதாவது திரவம் செலுத்திக் கழுவிய, கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு நடுக்கம் வந்தால் கிருமி அந்த லைனிலேயே குடியிருக்கலாம் என்று சந்தேகப்படுவார்.

லைன் என்று சொன்னேன். இந்தக் குழந்தைகளுக்குக் கையில் கேனுலா போட்டு மாதக்கணக்கில் ஓட்ட முடியாது, நரம்பும் தாங்காது குழந்தையும் தாங்காது. அதனால் இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகிற ஒரு மெல்லிய குழாயை வைத்துவிடுகிறார்கள். வெளியே வால் தொங்குகிற ஹிக்மேன், தோலுக்கடியில் பொத்தான் மாதிரி புதைத்து வைக்கிற போர்ட், கை வழியாகப் போகிற பிக் லைன் என்று வகைகள் உண்டு. குழந்தைக்கு அது வரம். கிருமிக்கும் அதே வரம்தான், நேராக இதயத்துக்கு ராஜபாட்டை. ஒவ்வொரு தடவையும் இணைப்பின் வாயை 15 நொடி அழுத்தித் தேய்த்துத் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் சிரிஞ்சை மாட்ட வேண்டும். 15 நொடி என்பது சும்மா சொல்லும்போது ஒன்றுமில்லை. ஒரு ஷிப்டில் நாற்பது தடவை, அதுவும் பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது செய்து பாருங்கள். அந்த நாற்பதில் ஒன்றை 3 நொடியில் முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது, அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மூன்று நாள் கழித்து வருகிற காய்ச்சலுக்கும் அந்த 3 நொடிக்கும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். நல்ல நர்சிங்கை அளப்பது ஏன் கஷ்டம் என்றால் இதனால்தான். நடக்காமல் போனவற்றை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

லைன் விஷயத்தில் வெளியிலிருந்து பார்த்தால் புரியாத சின்னச் சின்னப் பழக்கங்கள் இன்னும் உண்டு. ஃப்ளஷ் செய்ய 10 மில்லி சிரிஞ்சைத்தான் எடுப்பார்கள், சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகமாகிக் குழாய் வெடிக்கலாம் என்பதால். ஹிக்மேன் பக்கத்தில் கத்தரிக்கோலே வரக் கூடாது. ஒளி ஊடுருவும் டிரெசிங்கை 7 நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஆனால் ஓரம் பிரிந்துவிட்டால் அன்றைக்கே. இரண்டு வயசுக் குழந்தைக்கு அந்த வால் ஒரு விளையாட்டுச் சாமான், வாயில் வைத்துக் கடிக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சரி, கீமோவுக்கு வருவோம். இங்கே நர்ஸ் கடைசிக் கதவு. டாக்டர் எழுதியதிலோ மருந்தகத்தில் கலந்ததிலோ தவறு இருந்தால் அதைப் பிடிக்க இருக்கிற கடைசி ஆள் அவர்தான், அவரையும் தாண்டினால் அது குழந்தைக்குள் போய்விடும். டோஸைப் பெரும்பாலும் உடல் பரப்பளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அதற்கு உயரமும் எடையும் வேண்டும், வளர்கிற குழந்தைக்கு இரண்டும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும் என்பது விதி. தனித்தனியாக என்பதுதான் இதில் உயிர். ஒருவர் போட்டுவிட்டு "440 வருதில்ல?" என்று கேட்டு, மற்றவர் "ஆமா ஆமா" என்று சொன்னால் அது சரிபார்ப்பு இல்லை, சடங்கு.

இந்த வார்டில் வேலை செய்பவர்கள் எல்லோரும் கனவிலும் மறக்காத ஒரு மருந்து வின்கிரிஸ்டின். நரம்பு வழியாக ரத்தத்துக்குள் போனால் மருந்து. முதுகுத்தண்டுத் திரவத்துக்குள் போனால் கிட்டத்தட்ட எப்போதுமே சாவு, அதுவும் நாள்கணக்கில் மெல்ல மேலேறுகிற வாதத்தோடு. விபரீதம் என்னவென்றால், அதே குழந்தைக்கு, சில சமயம் அதே நாளில், முதுகில் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியும் போட வேண்டியிருக்கும். இரண்டு சிரிஞ்சுகள் ஒரே தட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று உலகின் பல ஆஸ்பத்திரிகள் மிக மோசமான விலை கொடுத்துக் கற்றன. 2007இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் கொடுக்காதீர்கள், சின்னப் பையில் கரைத்து டிரிப்பாக ஏற்றுங்கள். பையை யாரும் முதுகுத்தண்டில் மாட்ட மாட்டார்கள், அவ்வளவுதான் தந்திரம். மனிதர்களை ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஆயிரம் முறை சொல்வதைவிடத் தவறு செய்யவே முடியாத மாதிரி பொருளை மாற்றிவிடுவது மேல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நரம்பு வழியாகப் போவதிலும் ஆபத்து உண்டு. வின்கிரிஸ்டினும், டாக்ஸோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். அதனால் மருந்தை ஏற்றும் முன் ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும், வராவிட்டால் நிறுத்த வேண்டும். கசிந்துவிட்டால் டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்குச் சூடு. மாற்றிச் செய்தால் கெடுதல் அதிகமாகும். டாக்ஸோரூபிசின் போன பிறகு சிறுநீர் சிவப்பாக வரும், அது மருந்தின் நிறம்தான் என்று முன்னாடியே சொல்லிவிட்டால் ஒரு அம்மாவின் அலறலைத் தவிர்க்கலாம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தில் சிவப்பு வந்தால் அது சிறுநீர்ப்பையிலிருந்து வருகிற ரத்தமாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். அதிக டோஸ் மெத்தோட்ரெக்ஸேட் போகும்போது சிறுநீரின் பி.எச். அளவு 7க்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பட்டையை நனைத்துப் பார்க்க வேண்டும், குறைந்தால் மருந்து சிறுநீரகத்திலேயே படிகமாக உறைந்துவிடும். அதை முறிக்கிற லூகோவோரின் சொன்ன நேரத்துக்குப் போயாக வேண்டும், "டீ குடிச்சுட்டு வந்து போடறேன்" என்பதற்கு இடமில்லை. இந்த மருந்துகளெல்லாம் குழந்தையின் சிறுநீரிலும் வாந்தியிலும் கொஞ்ச நாள் வெளிவரும் என்பதால் டயபர் மாற்றுகிறவர், அது நர்ஸோ அம்மாவோ, கீமோவுக்குப் பிறகு 48 மணி நேரமாவது கையுறை போட வேண்டும். கர்ப்பமாக இருக்கிற அம்மா என்றால் வேறு யாராவது மாற்றட்டும்.

சிகிச்சை ஆரம்பித்த முதல் சில நாட்கள் தனி ரகம். மருந்து வேலை செய்கிறது என்பதே அப்போது ஆபத்து. கோடிக்கணக்கான புற்றணுக்கள் ஒரே சமயத்தில் உடைந்து தங்களுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாவற்றையும் ரத்தத்தில் கொட்டும், கால்சியம் இறங்கும், இதயம் தடுமாறலாம், சிறுநீரகம் அடைத்துக்கொள்ளலாம். பர்கிட் லிம்ஃபோமா என்ற வேகமாக வளரும் நிணநீர்ப் புற்றுநோயிலும் வெள்ளையணு மிக அதிகமாக உள்ள லுகேமியாவிலும் இது அடிக்கடி நடக்கும். நர்ஸ் அப்போது செய்வது என்னவென்று பார்த்தால் ரொம்பச் சாதாரணமாகத் தெரியும்: உள்ளே போன நீர் எவ்வளவு, வெளியே வந்த நீர் எவ்வளவு என்று மணிக்கு மணி எழுதுவது. அந்த நோட்டில் ஒரு வரி விடுபட்டால் மறுநாள் காலை டயாலிசிஸ் வரை போகலாம். அதேபோல மார்பில் கட்டி உள்ள குழந்தையை ஸ்கேனுக்கு மல்லாக்கப் படுக்க வைத்தால் மூச்சுக்குழாய் அமுங்கிவிடும். அந்தக் குழந்தை தலையணையை அடுக்கிச் சாய்ந்தே தூங்குகிறது, படுக்க வைத்தால் அழுகிறது என்பதை இரவில் கவனித்தவர்தான் ஸ்கேன் அறையில் இருப்பவரைத் தடுக்க முடியும்.

வாய்ப்புண், வாந்தி, மலச்சிக்கல் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். வாந்திக்கான மருந்தை வாந்தி வந்த பிறகு கொடுப்பது தோல்வி. முதல் கீமோவில் கடுமையாக வாந்தி எடுத்த குழந்தை மூன்றாவது கீமோவுக்கு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே வாந்தி எடுக்கும், மருந்து எதுவும் உள்ளே போகாமலே. அதற்கு அப்புறம் ஆன்டன்செட்ரான் எவ்வளவு போட்டாலும் பெரிய பலன் இருக்காது. முதல் தடவையே சரியாக அடக்கிவிட வேண்டும்.

வலிக்கும் இதே கதைதான். ஏ.எல்.எல். குழந்தைக்கு முதுகில் ஊசி போடுவது ஒரு தடவை இல்லை, சிகிச்சை முடிவதற்குள் பத்துப் பதினைந்து தடவைக்கு மேல் ஆகிவிடும். முதல் ஊசியை நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துப் போட்டால் அடுத்து வரும் ஒவ்வொன்றும் யுத்தம்தான். மரத்துப்போகச் செய்யும் கிரீமை 60 நிமிடம் முன்னாலேயே தடவ வேண்டும், ஊசி போடுபவர் வந்து நின்றபின் தடவினால் அது வெறும் கிரீம். குழந்தையை அம்மா மடியில் மார்போடு அணைத்து உட்கார வைத்தபடியே போர்ட்டில் ஊசி ஏற்றலாம். ஊசி, டிரெசிங் எல்லாம் தனி அறையில் நடக்கட்டும், கட்டிலுக்கு ஊசி வராது என்று குழந்தைக்குத் தெரிந்தால்தான் அது தூங்கும். அப்புறம், "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் சுருக்குனு இருக்கும், நான் அஞ்சு எண்ணி முடிக்கிறதுக்குள்ள போயிடும்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே ஐந்து எண்ணுவதற்குள் முடிக்கிறவரைத்தான் அடுத்த முறையும் நம்பும். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஆறு முகங்கள் உள்ள வலி அட்டையைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அதை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் டோனா வாங் என்ற நர்ஸும் கோனி பேக்கர் என்ற குழந்தைநல ஊழியரும்தான். எண் சொல்லத் தெரியாத குழந்தையிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டுப் பயனில்லை என்பது அதன் பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தானே முதலில் உறைக்கும்?

இதுவரை புற்றுநோயையே பேசிக்கொண்டிருந்தேன். அதே வார்டில், பல நேரம் அதே நர்ஸ்களின் கையில், இன்னொரு கூட்டம் இருக்கிறது: சிக்கிள் செல், தலசீமியா, ஹீமோஃபிலியா என்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ள குழந்தைகள். இவர்களுக்கு நிதி திரட்டும் விளம்பரம் குறைவு, தலைமுடி கொட்டுவதில்லை, பார்க்க நன்றாக இருப்பார்கள். சிகிச்சைக்கு முடிவுத் தேதி கிடையாது. எலும்பு மஜ்ஜை மாற்றோ இப்போது வந்திருக்கிற மரபணு சிகிச்சையோ கிடைக்கிற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு இது ஆயுள் முழுக்க.

சிக்கிள் செல்லில் சிவப்பணு அரிவாள் வடிவத்துக்கு வளைந்து சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கிறது. வலி எலும்புக்குள்ளிருந்து வரும். வெளியே ஒரு காயம் இருக்காது, வீக்கம் இருக்காது, எக்ஸ்-ரே சுத்தமாக இருக்கும். பதினான்கு வயசுப் பையன் போனைப் பார்த்துக்கொண்டே "பத்துக்கு ஒன்பது" என்பான். நம்பாத நர்ஸ் "நடிக்கிறான், மார்ஃபினுக்கு அலைகிறான்" என்பார். சின்ன வயதிலிருந்து வலியோடு வாழ்ந்தவன் கத்திக்கொண்டிருக்க மாட்டான், போனைப் பார்த்துத் தன்னைத் திசை திருப்பிக்கொள்வதுதான் அவன் கற்ற வித்தை. இந்த வலிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் வலுவான மருந்து கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன, ஆனாலும் காத்திருக்க வைக்கிறார்கள். வலியால் ஆழமாக மூச்சு இழுக்காமல் கிடந்தால் நுரையீரல் அடிப்பகுதி சுருங்கி, அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம் என்கிற கொல்லும் சிக்கல் வரலாம். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து முறை மூச்சுப் பயிற்சிக் கருவியில் இழுக்க வைத்தால் அது பெருமளவு குறைகிறது. பந்து மேலே போகிற அந்தப் பிளாஸ்டிக் பொம்மையைத்தான் சொல்கிறேன். அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் மேஜையில்தான் கிடக்கும், பக்கத்தில் நின்று மூச்சை இழுக்க வைக்க ஓர் ஆள் வேண்டும்.

போதுமான நல்ல சிவப்பணுவை உடம்பே செய்ய முடியாத தலசீமியா குழந்தை 2 முதல் 5 வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருகிறது. ரத்தம் ஏற்றுவது இந்த வார்டில் தினசரி வேலை, அதனாலேயே ஆபத்தான வேலை. பையில் உள்ள பெயரையும் கையில் கட்டிய பட்டையையும் கட்டிலருகே நின்று இரண்டு பேர் படித்துப் பார்க்க வேண்டும், "எனக்குத் தெரியாதா இவளை, நாலு வருஷமா வர்றா" என்கிற இடத்தில்தான் தப்பு நடக்கும். முதல் 15 நிமிடம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதை வெளியே தள்ள உடம்பில் வழியே கிடையாது. இதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் படியும். அதை இழுத்து வெளியேற்றும் மருந்து தினமும் வேண்டும். பழைய முறையில் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவாவது. மாத்திரை வந்தபின் சுலபமாகிவிட்டது என்று சொல்வார்கள். பதினைந்து வயதில், இன்றைக்குச் சாப்பிடாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த ஒரு மாத்திரையைத் தினமும் சாப்பிடுவது எவ்வளவு சுலபம் என்று அந்த வயசுப் பிள்ளையைக் கேளுங்கள். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா?" என்று கேட்டால் "ம்" என்ற பதில்தான் வரும். "இந்த வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் உண்மை வர வாய்ப்பு உண்டு. ஏ.எல்.எல்.லில் வருடக்கணக்கில் வீட்டிலேயே சாப்பிடும் மெர்கேப்டோப்யூரினுக்கும் இது பொருந்தும். அதை 95 சதவீதத்துக்குக் குறைவாகச் சாப்பிட்டாலே நோய் திரும்பும் ஆபத்து ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருபது நாளில் ஒரு நாளுக்கு மேல் விட்டாலே கணக்கு அங்கே போய்விடும்.

ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியாவுக்கு ஒரே வாக்கியம் தெரிந்தால் பாதி உயிர்கள் தப்பும்: முதலில் ஃபேக்டர் (உறைய வைக்கும் புரத ஊசி), அப்புறம்தான் ஸ்கேன். தலையில் அடிபட்டு வந்த குழந்தையை ஸ்கேன் வரிசையில் உட்கார வைத்தால் ரிப்போர்ட் வரும்போது மூளைக்குள் ரத்தம் நிறைந்திருக்கும். மூட்டில் கசிவு ஆரம்பிப்பது வீக்கம் தெரிவதற்கு முன்பே குழந்தைக்குத் தெரியும், "உள்ளே குறுகுறுங்குது" என்று சொல்லும். அந்தக் குறுகுறுப்பை நம்பி ஊசி போடுகிற வீட்டிலும் வார்டிலும் முட்டி பிழைக்கும்.

வீடு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். புற்றுநோய் என்று சொன்ன அன்றைக்கே அம்மா அப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டு 'பெற்றோருக்குக் கற்பித்தாயிற்று' என்று டிக் போடுவது வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு அவர்கள் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. முதல் முறை வீட்டுக்குப் போகும்போது தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்: காய்ச்சல் என்றால் என்ன, எப்படிப் பார்ப்பது, எந்த எண்ணுக்கு எப்போது போன் செய்வது, மாத்திரையை எப்படிக் கொடுப்பது, லைனை எப்படிப் பார்த்துக்கொள்வது. சொல்லிக் கொடுத்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு சுடுது, என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிற நர்ஸுக்குத்தான் புரிந்ததா இல்லையா என்று தெரியும்.

இவ்வளவையும் தெரிந்து வைத்திருப்பவர் உருவாக வருடங்கள் ஆகும். குழந்தைப் புற்றுநோய்க்கான சர்வதேச சங்கமான சியோப் வகுத்த அடிப்படை நர்சிங் தரங்களில் வார்டில் ஐந்து குழந்தைக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சையிலும் மஜ்ஜை மாற்றுப் பிரிவிலும் இரண்டு குழந்தைக்கு ஒருவர் என்று இருக்கிறது. பல இடங்களில் இந்த எண் கனவு. அதைவிட எனக்கு ஆத்திரம் வரவைப்பது சுழற்சி முறை. ஒரு நர்ஸை இரண்டு வருடம் இந்த வார்டில் வைத்து, வின்கிரிஸ்டின் பையும் லைனும் காய்ச்சலும் கைக்குப் பழகிய நேரத்தில் எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், எல்லோருக்கும் எல்லா அனுபவமும் வேண்டும் என்று காரணம் சொல்லி. இதயப் பிரிவு டாக்டரைக் கண் பிரிவுக்கு அப்படி மாற்றிப் பார்க்கட்டுமே.

ஆள் குறைவாக இருக்கிற இடத்திலும் செய்ய முடிந்த ஒரு காரியத்துக்கு குவாத்தமாலாவின் தேசியக் குழந்தைப் புற்றுநோய் மையம் உதாரணம். 2014இல் அங்கே 'பியூஸ்' என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒரு முறை குழந்தையைப் பார்த்து மதிப்பெண் போடுவார், ஒரு எல்லையைத் தாண்டினால் டாக்டர் வந்தே தீர வேண்டும், "சும்மா எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்க முடியாது. குழந்தைகள் திடீரென்று மோசமாகும் சம்பவங்கள் குறைந்தன. அந்த மாதிரி அட்டைகளில் நினைவு எப்படி இருக்கிறது, ரத்த ஓட்டம் எப்படி, மூச்சு எப்படி என்று மூன்று வரிகள் இருக்கும், அவை எதிர்பார்த்தவைதான். நான்காவது வரி, நர்ஸுக்குக் கவலையாக இருக்கிறதா? இருந்தால் 1. ஐந்தாவது வரி, குடும்பத்தாருக்குக் கவலையாக இருக்கிறதா? இருந்தால் 1. குடும்பத்தார் யாரும் பக்கத்தில் இல்லையென்றால், கேட்க ஆளில்லை என்று காலியாக விடுவதில்லை, அதற்கும் 1.